ஏகாம்பரத்தின் செங்கல்

பழைய உப்புக் கிடங்குத் தெருவில் ஒரு செங்கல் மதியச் சோறு சாப்பிட ஆரம்பித்தபோது, அது எப்படிச் சாப்பிடுகிறது என்று யாரும் கேட்கவில்லை, யார் பங்குச் சோற்றைச் சாப்பிடுகிறது என்றுதான் கேட்டார்கள். எங்கள் தெரு அப்படி. பால் பொங்கினால் பாலில் எவனோ எதையோ கலந்துவிட்டான் என்று சொல்லும் தெரு. கடைக்காரன் நடைபாதைக்காரனைச் சந்தேகப்படுவான், நடைபாதைக்காரன் பக்கத்தில் தார்ப்பாய் விரித்தவனைச் சந்தேகப்படுவான், இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு மாநகராட்சியைச் சந்தேகப்படுவார்கள், மாநகராட்சி பாகுபாடு பார்க்காமல் எல்லோரையும் சந்தேகப்படும். கிடங்குச் சுவருக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் நானும் இதில் சேர்த்திதான். என் கடை வாசலில் ஆணி கிடந்தால் நான்தான் போட்டேன் என்று ஊரே சொல்லும், அதனால் நானும் யாரையும் விட்டுவைப்பதில்லை.

கிடங்குச் சுவரை ஒட்டிய நடைபாதையில் பல குடும்பங்கள் இருந்தன. மதியம் ஒரு அறக்கட்டளையின் சோற்று வண்டி வரும், லோகநாதன் என்பவர் அதில் நின்று பொட்டலம் கொடுப்பார், ஒரு ஆளுக்கு ஒரு பொட்டலம். வண்டி எப்போது வரும் என்று அதற்கே தெரியாது, அதுவரை வெயிலில் வரிசையில் நிற்க யாரால் முடியும்? தண்ணீர் லாரிக்குக் குடத்தை வைப்பதைப்போல, ரேஷன் கடைக்குப் பையைப் போடுவதைப்போல, சோற்று வண்டிக்குச் செங்கல்லை வைத்தார்கள். ஆளுக்கு ஒரு செங்கல். கல் இருந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம், ஆள் எங்கே போயிருந்தாலும் சரி. சண்டையில் ஒருவன் மண்டையை உடைத்தவனைக்கூட அடுத்த வாரம் மன்னித்துவிடுவார்கள், வரிசையில் அடுத்தவன் கல்லை நகர்த்தியவனை மட்டும் மன்னிக்க மாட்டார்கள்.

அந்த வரிசையில் தேசம்மாவின் கல்லும் அவள் புருஷன் ஏகாம்பரத்தின் கல்லும் ஒட்டி ஒட்டி இருக்கும். அவள் ஓட்டல்களுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுப்பவள், எந்நேரமும் கண்ணில் தண்ணீர் இருப்பதால் அவள் நிஜமாக அழுகிறாளா என்று யாருக்கும் தெரியாது. அவன் மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதிப்பவன், வாயாடி, சாப்பாட்டில் மட்டும் கெடுபிடிக்காரன். கறிவேப்பிலையையும் மிளகாயையும் பொறுக்கி இலையோரம் வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் முதல் கவளம் எடுப்பான். பிள்ளை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சுவரோரம்தான் வீடு, அந்தச் சுவரோரம்தான் சண்டை, அந்தச் சுவரோரம்தான் சமாதானம்.

பிறகு யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள், வெள்ளையடித்த சுவரின் கீழே அழுக்கு மனிதர்கள் இருக்கக் கூடாது என்று ஒரு காலையில் வண்டிகளோடு வந்தார்கள், ஆண்கள் காப்பகத்தில்தான் இடம் இருக்கிறது என்று ஆண்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏகாம்பரமும் போனான். அவன் கல் வரிசையிலேயே இருந்தது. சில நாளில் மற்ற ஆண்கள் ஒவ்வொருவராக நடந்தே திரும்பிவிட்டார்கள், அவன் மட்டும் வரவில்லை. வழியிலேயே வேறொரு வண்டிக்கு மாறிவிட்டான், யாரும் பிடித்து ஏற்றவில்லை, அவனாகவே சிரித்துக்கொண்டு ஏறினான் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். அந்தச் சிரிப்பைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். தேசம்மா காப்பகம் காப்பகமாக அலைந்தாள்; ஆண்கள் காப்பகத்துக்குள் பெண்களை விடுவதில்லை என்று சில இடத்தில் சொன்னார்கள், அப்படி ஒரு ஆளே இல்லை என்று சில இடத்தில் சொன்னார்கள், யார் சொன்னதையும் அவள் நம்பவில்லை.

அவனைக் கொண்டுபோன அன்று மதியமே சோற்று வண்டி வந்தது. கல் இருந்ததால் லோகநாதன் வழக்கப்படி அதன் முன்னாலும் ஒரு பொட்டலத்தை வைத்தார். தேசம்மா, அவன் வந்தால் சாப்பிடட்டும் என்று பொட்டலத்தைப் பிரித்து வைத்து, தன் முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், திரும்பி ஒரு செம்பு தண்ணீர் எடுத்துவிட்டுப் பார்த்தால் இலையில் சோறு இல்லை. கறிவேப்பிலையும் மிளகாயும் மட்டும் இலையோரம் வரிசையாக இருந்தன.

நாய் என்றார்கள். நாய் கறிவேப்பிலையை அடுக்குமா என்று அவள் கேட்டாள். பக்கத்துத் தார்ப்பாய் எஸ்தர் அக்காதான் என்றார்கள். எஸ்தர் அக்கா பைபிளின் மேல் கையை வைத்து, தனக்குச் சாம்பார் சாதம் ஒத்துக்கொள்ளாது, தயிர் சாதமாக இருந்தால் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு என்று சொன்னாள். கடைசியில் தேசம்மாவேதான் இரண்டு பங்கு சாப்பிடுகிறாள் என்று முடிவு செய்தார்கள். சோதித்துப் பார்க்க மறுநாள் அவளைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்கள், எஸ்தர் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் உள்பட நாலா பக்கமும் ஆட்கள் நின்றோம், எங்கள் கண் முன்னால் சோறு ஓரத்திலிருந்து கவளம் கவளமாகக் குறைந்தது, இலை துடைத்ததுபோல் ஆனது, கல்லைத் தொட்டுப் பார்த்தால் சாப்பிட்டு எழுந்தவன் முதுகைப்போல் சூடாக இருந்தது. ஏப்பம் கேட்டது என்று ஒருவன் சொன்னான், அதை மட்டும் நாங்கள் நம்பவில்லை.

இப்படியாக அந்தக் கல் தெருவில் ஒரு ஆளாகிவிட்டது. வெயில் ஏறினால் யாராவது ஒரு அட்டையை எடுத்து அதற்கு நிழல் கட்டினார்கள், காலில் இடித்துக்கொண்டவர்கள் அதை ஏகாம்பரம் பேர் சொல்லித் திட்டினார்கள். இரண்டே நாளில் வரிசையில் புதுக் கற்கள் முளைத்தன, துபாய்க்குப் போன தம்பிக்கு ஒன்று, இன்னும் பிறக்காத பிள்ளைக்கு ஒன்று என்று ஆளாளுக்கு வைத்தார்கள். அவை எதுவும் சாப்பிடவில்லை, அவற்றின் முன்னால் வைத்த சோறு ஊசிப்போய் எறும்பு மொய்த்தது. பக்கத்துப் பேட்டையிலிருந்து ஒரு அம்மா காணாமல் போன மகனுக்காக ஒரு கல்லோடு வந்து, சோற்றை வைத்துவிட்டுப் பொழுது சாயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு அப்படியே இருந்தது. இந்தத் தெருக் கல்லுக்குத்தான் வேலை செய்யும், வெளியூர்க் கல்லுக்கு ஓரவஞ்சனை செய்கிறது என்று எங்களைத் திட்டிவிட்டு எடுத்துப் போனாள். மகன் உயிரோடு இல்லை என்று நினைப்பதைவிட அதுவே காரணமாக இருக்கட்டும் என்றுதான் எங்களுக்கும் இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒன்று புரிந்துபோனது. கல் சாப்பிடுகிறது என்றால் ஏகாம்பரம் எங்கேயோ உயிரோடு இருக்கிறான், இங்கே வைக்கும் சோறு அங்கே அவன் வயிற்றுக்குப் போகிறது. தேசம்மாவுக்கு இது முதல் நாளே தெரியும். அதனால்தான் அவள் ஒரு நாள்கூடத் தவறாமல் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள், வண்டி வராத நாளில் தான் வெங்காயம் உரித்துக் கொடுக்கும் ஓட்டலில் கெஞ்சி வாங்கி வந்து வைத்தாள்.

மாநகராட்சிக்கு விஷயம் போனது. ஒரு அதிகாரி வந்தார், கல்லைச் சுற்றி வந்தார், இது பொருளா ஆளா என்று முதலில் முடிவாக வேண்டும் என்றார். பொருள் என்றால் நடைபாதை ஆக்கிரமிப்பு, குப்பை லாரியில் ஏற்ற வேண்டும், ஆள் என்றால் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். அவர் கண் முன்னால் அது எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டதால் ஆள் என்று முடிவானது. பெண்கள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள், ஆணைச் சேர்க்க முடியாது என்று வார்டன் அம்மா கதவைச் சாத்திவிட்டார். ஆண்கள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள், ஆதார் இல்லாமல் எப்படி என்று கேட்டார்கள். இரண்டு இடத்திலும் அது எதையும் சாப்பிடவில்லை. சாயங்காலம் அதிகாரியே ஆட்டோவில் கொண்டுவந்து வரிசையில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, நான் இதைப் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் எங்களைப்போல் ஆகிவிட்டார் என்று எங்களுக்குக் கொஞ்சம் பிரியம்கூட வந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் கெட்டது. அன்று கல் பாதிச் சோற்றை மிச்சம் வைத்துவிட்டது.

தேசம்மா இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்புக்கு என்னவோ என்றுதான் முதலில் நினைத்தாள், ஆனால் கல் வழக்கத்தைவிடச் சூடாக, நன்றாக இருந்தது. அப்படியென்றால் வயிறு ஏற்கெனவே பாதி நிறைந்திருக்கிறது. யாரோ அவனுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். யார் போடுவார்கள்? வண்டி மாறி ஏறும்போது அவன் சிரித்தானாமே, யாரைப் பார்த்துச் சிரித்தான்? அவள் அன்றைக்கு உரித்த வெங்காயமெல்லாம் கோணல்மாணலாக இருந்தது என்று ஓட்டலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எஸ்தர் அக்கா வெற்றிலையை மென்றுகொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள், துப்பிவிட்டு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"ஏ தேசம்மா, வயிறு ரொம்பினவன் இன்னாத்துக்குத் திரும்பி வருவான்? நீ போட்டுகினே இரு, அவன் துன்னுகினே இருப்பான். எவளோ பாய் விரிக்கிறா, நீ சோறு போடுற."

இந்தப் பேச்சு தெருவில் எல்லோர் மனதிலும் இருந்ததுதான், எஸ்தர் அக்காவுக்கு வாய் இருந்தது, சொல்லிவிட்டாள்.  அதற்குப் பிறகு தேசம்மா கல்லைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. சோற்றை வைத்துவிட்டு, ஒளித்து வைத்திருப்பதைக் கண்டுபிடிப்பவள்போல் குனிந்து மோந்து பார்ப்பாள். யாரோட கீற, என்று மெதுவாகக் கேட்பாள். கல்லில் பூ வாசனை வருகிறது என்று ஒரு நாள் சொன்னாள். பக்கத்தில் பூக்கடை இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன், அவள் காதில் ஏறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புதுச் சட்டம் வந்தது. பொங்கல் கழிந்த நான்காம் நாளிலிருந்து நடைபாதையில் யாரும் உட்காரக் கூடாது, படுக்கக் கூடாது, சமைக்கக் கூடாது, மூட்டை முடிச்சு வைக்கக் கூடாது. பொது இடத்தில் யாரும் யாருக்கும் சோறு கொடுக்கக் கூடாது, கொடுப்பதாக இருந்தால் காப்பகத்துக்கு உள்ளே கொடுக்க வேண்டும். சுவரோரம் கம்பிவேலி போட்டுச் செடி வைக்கப் போகிறார்கள், ஆண்களை ஒரு வண்டியிலும் பெண்களை ஒரு வண்டியிலும் ஏற்றிக்கொள்வார்கள். பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வைப்பார்களாம் என்று பேசிக்கொண்டோம், நமக்கு ஊற்ற ஆள் இல்லை என்று யாரோ சொல்லப் போக, எல்லோரும் அவனை முறைத்தார்கள்.

தேசம்மாவுக்கு இப்போது இருந்தது ஒரே கவலை. வேலி போட்ட பிறகு அவன் வந்தால் எங்கே வந்து தேடுவான்? இந்தச் சுவரைத் தவிர அவர்களுக்கு இந்த ஊரில் முகவரி கிடையாது. அவன் வருவதென்றால் வண்டி வருவதற்குள் வர வேண்டும், வரவழைப்பதற்கு அவள் கையில் இருந்தது ஒரே வழி. பொங்கல் கழிந்த மறுநாள் லோகநாதன் வைத்த பொட்டலத்தை அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் கல் சும்மா இருந்தது. இரண்டாம் நாள் அதன் சூடு இறங்கியது. அவள் அதன் எதிரிலேயே உட்கார்ந்து தன் பங்கைப் பிரித்து, பாரு, நல்லா பாரு என்பதுபோல் ஒவ்வொரு கவளமாகச் சாப்பிட்டாள், அழுதாள், வெங்காயத்தால் என்று இந்த முறை யாரும் நினைக்கவில்லை. இதுவரை அவளைத் திருடி என்று சொன்னவர்கள் இப்போது கொலைகாரி என்றார்கள். எங்கேயோ கட்டிலில் கிடந்தால், கை கால் விளங்காமல் கிடந்தால், இந்த ஒரு வேளைச் சோற்றில்தான் உசிரைப் பிடித்துக்கொண்டிருந்தால் என்று கேட்டார்கள். கேட்டவர்களில் எஸ்தர் அக்காவும் இருந்தாள், தான் சொன்னது ஒரு பேச்சுக்குத்தான் என்றாள். யாரோ ஒருவன் இரக்கப்பட்டுத் தன் சோற்றைக் கல் முன்னால் வைத்தான். தேசம்மா அதைத் தட்டிவிட்டாள். தன் புருஷன் பசியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அடுத்த நாளும் அப்படியே போனது, கல்லைத் தொட்டால் சாதாரணக் கல்லைப்போல் இருந்தது. அதுவரை எதற்கும் அசராத நான் அன்று கடையைச் சீக்கிரம் மூடினேன்.

வண்டிகள் வந்த காலையில் சோற்று வண்டி வரவில்லை. சட்டம் அன்றிலிருந்துதானே. இரண்டு வேன்கள், கம்பி ஏற்றிய ஒரு லாரி, நான்கு போலீஸ்காரர்கள், முன்பு கல்லோடு அலைந்த அதே அதிகாரி. அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல், பெண்கள் இந்தப் பக்கம், ஆண்கள் அந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எஸ்தர் அக்கா முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். எல்லோரும் ஏறிய பிறகும் தேசம்மா கல்லின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் முந்தின நாள் பொட்டலம் இருந்தது, கொடுக்காமல் பிடித்து வைத்தது, சணல்கூட அவிழ்க்காதது.

அப்போதுதான் ஏகாம்பரம் தெருமுனையில் வந்தான். ஓடி வந்தவன் ஓட முடியாமல் நடந்தான், நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். சட்டை துவைத்த சட்டை, தலை வாரியிருந்தது. வேன்களுக்கு நடுவில் நின்று, ஜன்னல் ஜன்னலாகப் பார்த்து, பிறகு தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு அங்கேயே மடங்கி உட்கார்ந்தான்.

"உசிரோட கீறியா நீ," என்றான். "சோறு நின்னு போச்சே. நீ செத்துட்டன்னு நெனச்சிகினு ஓடியாரேன்."

அவனுக்கு மூச்சு வாங்கியது, வாங்க வாங்கச் சொன்னான். வீடில்லாத குடும்பங்களுக்கு மாடி வீடு தருகிறார்கள், ஊர் எல்லையில் முகாம், பேர் கூப்பிடும்போது ஆள் நேரில் இருக்க வேண்டும், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, வெளியே போனால் முறை அடுத்தவனுக்கு. வண்டி மாறி ஏறியபோது அதனால்தான் சிரித்தான். அங்கே கஞ்சிதான் ஊற்றினார்கள், அதற்கும் தள்ளுமுள்ளு, ஆனால் தினமும் மதியம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வயிறு நிறைந்துவிடும், வாயில் லோகநாதன் வண்டிச் சாம்பார் ருசி வரும். கல் இருக்கிறது, அவள் இருக்கிறாள், எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று புரிந்துபோகும், சேதி சொல்லி அனுப்பக்கூடத் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ பிறந்த நாளுக்குப் பிரியாணி போட்டார்கள், அன்றைக்கு மட்டும் வயிற்றில் இரண்டும் கொள்ளவில்லை.

வேனில் இருந்தவர்கள் எல்லோரும் தேசம்மாவைப் பார்த்தார்கள். வண்டி வரவில்லை, சட்டம் போட்டுவிட்டார்கள், சோறு நின்றுவிட்டது என்று அவள் சொல்லியிருக்கலாம், லோகநாதன் மேல் பழியைப் போட்டிருக்கலாம், பழி போடுவது எங்கள் தெருவில் யாருக்கும் கஷ்டமான வேலை இல்லை. எஸ்தர் அக்கா ஜன்னலுக்குள் தலையை இழுத்துக்கொண்டாள்.

"நான்தான் நிறுத்துனேன்," என்றாள் தேசம்மா. "வயிறு ரொம்பிச்சின்னா வரமாட்டன்னு நெனச்சேன்."



"வயிறு ரொம்பிச்சி, அதாலதான் நீ கீறன்னு நம்பி அங்க குந்திகினு இருந்தேன்," என்றான். "இன்னிக்கிக் காலைல நமக்கு வூட்டுச் சாவின்னு நேத்துதான் சொன்னாங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வேறெங்கோ பார்த்தார். முகாமுக்கு இனி எந்த வண்டியில் போனாலும் மதியம் ஆகிவிடும், சாவி அடுத்தவனுக்குப் போயிருக்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.  எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, எங்கள் எல்லோர்மேலும் வந்தது, அவளை இப்படி நினைக்கவைத்தது நாங்கள்தான்.

துன்ன ஏதாச்சும் கீதா என்று ஏகாம்பரம் கேட்டான். அவள் மடியில் இருந்ததை முந்தானைக்குள் மறைத்தாள். அவன் கையை நீட்டி அதை எடுத்து, சணலைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். சோறு ஊசிப்போயிருந்தது, வாடை எதிர்ப்பக்கம் என் கடைவரை வந்தது. வேண்டாம் என்று அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் பிடியை விலக்கிவிட்டு, எதையும் பொறுக்காமல், கறிவேப்பிலையோடும் மிளகாயோடும் சேர்த்து அள்ளி வாயில் போட்டு மென்றான். ஆண்கள் வேனில் ஹாரன் அடித்தார்கள். தேசம்மா கொஞ்ச நேரம் அவன் சாப்பிடுவதைப் பார்த்தாள், பிறகு தானும் அதே பொட்டலத்தில் கையை வைத்து ஒரு கவளம் எடுத்துக்கொண்டாள்.